நிற்க வந்தவர்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னபோது எனக்குப் பயம் இருக்கவில்லை. உள்ளே தங்கம் இல்லை, சாராயம் இல்லை. இந்த வயதில் இரண்டும் இல்லாமல் பயணம் செய்வது ஒருவகைத் தோல்விதான். இருந்தவை சில இரும்புக் குழாய்கள், இரண்டு முழங்கால் மெத்தைகள், ஒரு பட்டி, நீளமான ஒரு கைபிடி. அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். என்னுடைய சிங்களம் பஸ்ஸை மறித்து இறங்குவதற்கு மட்டுமே போதுமானது என்றாலும் இது விளங்கியது. “இந்த வயிற்றை வைத்துக்கொண்டு இவர் உடற்பயிற்சியா செய்யப்போகிறார்?”

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். இது ஆளை நிற்கவைக்கும் சாமான். நடக்க முடியாத ஒருவரை இதில் இருத்தி, பட்டியைப் பூட்டி, கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் இருக்கை மெல்ல எழும்பி ஆளை நிமிர்த்திவிடும். நிமிர்ந்த பிறகு என்ன செய்வார் என்று அதிகாரி கேட்டார். நிற்பார் என்றேன். அதற்காகவா கனடாவிலிருந்து என்றார். ஆம் என்றேன். என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.

நிற்கவேண்டியவன் கேதீஸ், என் மாமாவின் மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன். ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறான். கடைசிச் சண்டையில் ஒரு பீரங்கிச் செல் துண்டு அவனுடைய தோள்பட்டைகளுக்கு நடுவே புகுந்து முள்ளந்தண்டில் நின்றது. அன்றோடு நெஞ்சுக்குக் கீழே அவனுடைய உடம்பு அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டது. அவன் ஊரோடு கதைப்பதை நிறுத்தவில்லை. போன மாரியில் தொலைபேசி எடுத்து, “மச்சான், எனக்கு நடக்க வேண்டாம். வருசத்திலை ஒரு நாள், ஒரு அரை மணித்தியாலம் நிண்டாக் காணும், அது போதும்” என்றான்.

அந்த ஒரு நாள், கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம். மாரியில் குளம் நிரம்பும், எல்லோரும் விதைப்பார்கள், சண்டை இல்லை. கோடையில் குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது. ஆகவே சித்திரையில் கமக்காரர்கள் கூடி, எந்த வயலுக்குத் தண்ணீர், எது சும்மா கிடக்கவேண்டும் என்று தீர்மானிப்பார்கள். முன்பு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக் கதிரைகள் பறந்த காலம் ஒன்று இருந்ததாம். அதன் பிறகு அந்தக் குளத்தடியில் ஒரு வழக்கம் வந்தது. கதைக்கிறவர் எழும்பி நிற்கவேண்டும். அவர் நிற்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது. அவர் தன் கதிரையில் திரும்ப இருந்த பிறகுதான் அடுத்தவர் எழும்பலாம்.

கேதீஸின் இரண்டு ஏக்கர் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. கூட்டத்துக்கு அவன் தவறாமல் போவான். நல்ல மனிதர்கள், “உனக்கு எழும்பத் தேவையில்லை, இருந்தே கதை” என்று சலுகை கொடுத்தார்கள். வினை அந்தச் சலுகையில்தான் வந்தது. அவன் நிற்காதபடியால் அவன் கதைப்பதும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. நாலு வசனம் போவதற்குள் யாராவது எழும்பி நின்றுவிடுவார். வழக்கப்படி கேதீஸ் வாயை மூடவேண்டும். இப்படியே சில கோடைகளாக அவனுடைய வயல் காய்ந்து கிடந்தது. இந்த முறையும் தண்ணீர் கிடைக்காவிட்டால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பதென்று முடிவெடுத்திருந்தான். கேதீஸை நாள் முழுக்க வீட்டுக்குள் வைத்திருப்பது பற்றி அவனுடைய மனைவி வசந்திக்கும் ஒரு கருத்து இருந்தது. அவனுக்குத் தெரியாமல் அவளும் தொலைபேசி எடுத்தாள். “அண்ணை, எப்பிடியாவது அதைக் கொண்டுவந்து சேருங்கோ.”

கனடாவில் நான் இருக்கும் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தை மூடியபோது, ஆளை நிற்கவைக்கும் இந்தச் சட்டகம் என் கைக்கு வந்தது. கூடவே ஒரு கையேடும் வந்தது. நான் கையில் கிடைக்கும் எதையும் வாசிக்கிறவன், மருந்துப் போத்தலின் உறைகூடத் தப்பாது. ஆனால் அந்தக் கையேட்டின் முதல் பக்கம் முழுக்க எச்சரிக்கை. கனடாவில் எச்சரிக்கை இல்லாத பொருளே கிடையாது. கோப்பிக் கோப்பையிலும் ‘சூடு’ என்று எழுதியிருப்பார்கள். ஆகவே அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, எப்படிப் பொருத்திப் பூட்டுவது என்ற இடத்திலிருந்து வாசித்தேன்.

முதல் நாள் வவுனியாவுக்கு அருகே பூவரசங்குளத்தில் தங்கினேன். அங்கே எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. சண்டை முடிந்த பிறகு, திரும்பி வந்து இருக்கப்போகிறோம் என்று குடும்பமாகக் காசு போட்டுக் கட்டியது. ஒருவரும் வரவில்லை. தூரத்திலிருந்து பார்க்க வீடு புதிது போலவே நின்றது. நீலச் சாயம் பூசிய கதவு நிலையில் கையை ஊன்றினேன். என் பெருவிரல் உள்ளே போனது. சாயம் மட்டும் மிச்சம், உள்ளே மரம் இருந்த இடத்தில் கறையான் புற்று. வீட்டுக் கதவின் திறப்பை வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர், ஏதோ பிழை செய்தவர் போல நின்றார்.

“ஒருத்தரும் உடைக்கேல்லை அண்ணை. ஆள் புழங்கேல்லை, அவ்வளவுதான்” என்றார். சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இடியப்பம், சொதி, விரால் மீன் குழம்பு. நான் மூன்றாம் தரம் போட்டுக்கொண்டபோது அவருடைய மனைவி, கனடாவில் சாப்பாடு கிடைக்காதா என்று கவலையோடு விசாரித்தார்.

அடுத்த நாள் வவுனியாவிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு பஸ். சட்டகத்தின் பெட்டியை நடுவழியில் வைக்கக் கூடாது என்றார் கொண்டக்டர். கூரையில் போட எனக்கு மனமில்லை. கடைசியில் பெட்டியை ஓர் இருக்கையில் வைத்துப் பட்டியால் கட்டினோம். அது கடைசியாக மிஞ்சியிருந்த இருக்கை. ஆகவே ஆளை நிற்கவைக்கும் சாமான் யன்னலோரமாக இருந்து வந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தேன். ஒரு அம்மா பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன தம்பி என்றார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தான் இறங்கும் இடம் வந்ததும் தன் இருக்கையை எனக்குத் தந்தார். அடுத்த தரிப்பு ஒட்டுசுட்டான்.

கேதீஸ் வீட்டுப் படலையடியில் சக்கர நாற்காலியில் காத்திருந்தான். தோளும் கையும் மரம் வெட்டுகிறவனுடையவை போல இருந்தன. இடுப்புக்குக் கீழே சாரம் வெறும் துணியாக விழுந்து கிடந்தது. என்னைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை, “எந்தப் பெட்டி? அதுவோ, இதுவோ?” ‘இது’ என்று அவன் காட்டியது என்னுடைய வயிற்றை.

வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். நான் கனடாவிலிருந்து கொண்டுபோன விலையுயர்ந்த தேயிலைப் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். திறந்து மணந்து பார்த்தாள். “கீழை விழுறதைக் கூட்டி அள்ளி அனுப்பியிருக்கினம்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “பரவாயில்லை அண்ணை, பெட்டி வடிவாயிருக்கு” என்று சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் முற்றத்தில் சட்டகத்தைப் பூட்டினேன். கேதீஸை நானும் வசந்தியும் தூக்கி இருத்தினோம். முழங்காலுக்கு மெத்தை, இடுப்புக்குப் பட்டி. மடங்கியே கிடந்த கால்கள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. கைபிடியை ஆட்டத் தொடங்கினேன். அவன் மெல்ல எழும்பினான். அவனுடைய தலை என் நெஞ்சுக்கு வந்தது, முகத்துக்கு வந்தது, பிறகு என்னைத் தாண்டிப் போனது. அவன் என்னைவிட உயரம் என்பதை நான் முற்றாக மறந்திருந்தேன்.

அவன் முதலில் வேலியைப் பார்த்தான். பிறகு, “எங்கடை வேலி இவ்வளவு பதிவோ? கீழையிருந்து பாக்க உயரமெல்லோ” என்று கேட்டான். வேலிக்கு அப்பால் றோட்டைப் பார்த்தான், றோட்டுக்கு அப்பால் வயலைப் பார்த்தான். கடைசியில் கீழே குனிந்து என்னைப் பார்த்தான். “மச்சான், உனக்கு உச்சியிலை மயிரே இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

வசந்தி குசினிக்குள் போனாள். அங்கே அவளுக்கு நெடுநேரம் வேலை இருந்தது.

கேதீஸ் கூட்டத்துக்கான பேச்சை ஒத்திகை பார்த்தான். “தலைவர் அவர்களே, வாய்க்கால் கடைசியிலை இருக்கிற நாங்கள்...” என்று தொடங்கும்போது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த மரவள்ளித் தடியை முறித்தால் வருமே, அப்படி ஒன்று. கேதீஸ் முகம் மாறாமல் வசனத்தை முடித்தான். பிறகு, “என்ன அது?” என்றான்.

சட்டகம்தான் என்றேன். அவனும் அப்படித்தான் நினைத்தான். உடனே அவனைக் கீழே இறக்கி நாற்காலிக்கு மாற்றிவிட்டு, இரண்டு பேருமாகக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். கனடாச் சாமான், அதுவும் பழசு, எங்கேயோ ஒட்டு விட்டிருக்கும் என்றான் கேதீஸ். எங்கள் ஆட்களுக்கு எதைப் பழுதுபார்ப்பதென்று ஒரு சந்தேகமும் வராது. இரும்பென்றால் உடனே கடைக்குக் கொண்டுபோவோம். கூட்டத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஓட்டோ பிடித்துச் சட்டகத்தை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன்.

வெல்டிங் கடைக்காரர் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், தானே ஏறி நின்றும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். சத்தம் கேட்டது என்று நான் அடித்துச் சொன்னேன். “சத்தம் கேட்டதெண்டால் எங்கையோ ஒண்டு முறிஞ்சிருக்கத்தான் வேணும். உதிலை இல்லை. ஆனா மனத்துக்கு ஒரு ஒட்டுப் போட்டுவிடுறன்” என்று முழங்கால் தாங்கியின் குறுக்கே ஒரு கம்பியை வைத்து ஒட்டினார்.

அது ஆறும்வரை பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். கடைக்காரருக்கு ஒரு கை மற்றதைவிட ஒரு சாண் கட்டை. நெடுங்கையை மேலே தூக்கிக் கட்டைக் கைக்குள் தேத்தண்ணியை இழுத்து ஆற்றினார். ஒரு துளி சிந்தவில்லை. நான் பார்ப்பதைக் கண்டதும் அவரே சொன்னார். பிறக்கும்போது தோளில் பிடித்து இழுத்ததில் நரம்பு அறுந்துவிட்டதாம். அந்தக் கையில் அடியுமில்லை, முறிவுமில்லை. நரம்பு போனதால் எலும்பும் வளர மறந்துவிட்டது. “மற்றக் கை வளர வளர, இது உதென்ன அவசரம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டுட்டுது” என்றார். சுவாரசியமான விசயம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதற்கும் நான் அன்று காலை கேட்ட சத்தத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசிப்பு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இது அளவு.

அடுத்த நாள் காலை கேதீஸுக்குத் தலை இடித்தது. முகம் சிவந்து வியர்வை வழிந்தது. கழுத்தில் மயிர் சிலிர்த்து நின்றது. வெயில் என்றேன் நான். ஒரு பனடோல் என்றான் அவன். வசந்தி இரண்டு பேரையும் கணக்கிலெடுக்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே என்ன பிழை நடந்தாலும் அவனுக்குத் தெரியாது, தலைதான் இடிக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன விசயம். சிறுநீர் போகும் சலக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. இருக்கையில் ஏதாவது குத்துகிறதா என்று பார்த்தாள், இல்லை. பிறகு சாரத்தை விலக்கி, இடது முழங்காலில் உள்ளங்கையை வைத்தாள். வலது முழங்காலில் வைத்தாள். வலது முழங்கால் ஒரு சின்னப் பூசணி அளவில் வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடு.

வசந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணை, முறிஞ்சது கம்பி இல்லை.”

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனோம். கேதீஸை நிமிர்த்தி இருத்தி, காலைத் தலையணையில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அது இடையிடையே தன்பாட்டில் துள்ளியது. அவனுக்குத் தெரியாமல், அவனைக் கேளாமல். காட்டுறோட்டில் ஒரு வளைவு திரும்பியதும் ஓட்டோக்காரர் பிறேக் பிடித்து இயந்திரத்தை நிறுத்தினார். நடுறோட்டில் ஒரு யானை நின்றது. நிற்பதில் அதற்கு எந்தச் சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஓட்டோக்காரர் வாயில் விரலை வைத்தார். நான் மூச்சுவிடவில்லை. கேதீஸ் மட்டும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெல்லிய குரலில், “எங்கடை வயலுக்கு வாற ஆள்தான்” என்றான். கொஞ்சம் கழித்து, “இவர் கூட்டத்துக்கு வந்தாரெண்டால் முழுநாளும் இவர்தான் கதைக்கவேணும். இருக்கமாட்டார்.” யானை எங்களை யோசித்துப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கியது. ஸ்காபரோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தாமதமானால் அதற்கு வீதி வேலை என்று பெயர். யாரும் மூச்சை அடக்குவதில்லை.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. எனக்கு அதைவிடப் பயம் தந்தது முறிவு இல்லாத இடங்கள். கையெலும்புப் படம் ஒன்று பக்கத்தில் தொங்கியது, யாருடையதோ. அது வெள்ளையாக இருந்தது. கேதீஸின் கால் எலும்பு புகைபோல் இருந்தது. பூவரசங்குளத்துக் கதவு நிலை ஞாபகம் வந்தது. வெளிக்கோடு மட்டும் ஒழுங்காக இருந்தது.

டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளைஞர். அவசரம் இல்லாதவர். ஆங்கிலத்தில் எனக்கும் சிங்களத்தில் தாதிக்கும் சொன்னார், தாதி கேதீஸுக்குத் தமிழில் சொன்னாள். நான் இடையில் புகுந்து என் அறிவைக் காட்டினேன். விண்வெளி வீரர்களுக்கும் இப்படி எலும்பு மெலியும், பாரம் தாங்காத எலும்பு கரையும், அதனால்தானே இவரை நிற்கவைத்தோம் என்றேன். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். அது பாதிதான் என்றார். எலும்பு கல் அல்ல. அதற்குள் ஒரு கூட்டம் நாள்தோறும் பழசை உடைக்கிறது, இன்னொரு கூட்டம் புதிசைக் கட்டுகிறது. எலும்புக்குள்ளும் நரம்பு ஓடுகிறது. எவ்வளவு உடைக்கலாம், எவ்வளவு கட்டலாம், எவ்வளவு இரத்தம் வேண்டும் என்ற செய்திகளில் ஒரு பங்கு அந்த வழியாகப் போகிறது. இவருக்குப் பாரமும் போய்விட்டது, செய்தியும் போய்விட்டது. வெறுமனே படுக்கையில் கிடக்கிறவரின் எலும்பைவிட இது கெதியாகக் கரையும். இந்த நிலையில் திடீரென்று நிற்கவைத்தால், என்று சொல்லிவிட்டு, படத்தைப் பார்த்தார். மிச்சத்தைப் படம் சொன்னது.

தாதி இதையெல்லாம் கேதீஸுக்கு ஒரு வசனத்தில் மொழிபெயர்த்தாள். “மண் அள்ளுறவன் நாளாந்தம் வாறான் அண்ணை, அணை கட்டுறவனுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல ஒருத்தரும் இல்லை.”

“அது விளங்குது” என்றான் கேதீஸ். “எங்கடை வாய்க்காலும் அப்பிடித்தான்.”

அறுவை வேண்டாம், பஞ்சு வைத்து மட்டை கட்டி அசையாமல் வைத்தால் எலும்பு பொருந்திவிடும் என்றார் டொக்டர். இனி நிற்பதென்றால் எலும்பின் அடர்த்தியை அளந்து, மருந்து கொடுத்து, மெல்ல மெல்லப் பழக்கித்தான், அதுவும் முடியுமானால். இந்த வருடம் இல்லை. கேதீஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டான். வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போகலாமா? தாதி மொழிபெயர்த்தாள். போகலாம், ஆனால் இருக்கத்தான் முடியும் என்று பதில் வந்தது.

“இருந்தால் போறதிலை பிரியோசனம் இல்லை” என்றான் கேதீஸ். தாதி அதை மொழிபெயர்க்கவில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரி விடுதியில் அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையேட்டின் முதல் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எலும்பைச் சோதிக்காமல் நிற்கவைக்கக் கூடாது என்றுதான் அதில் இருந்திருக்கவேண்டும், நான் வாசிக்கவில்லை, பிழை என்னுடையது என்றேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“ஓம், நீதான் முறிச்சனீ” என்றான். “செல் அடிச்சவனுக்குப் பிறகு என்ரை எலும்பிலை கை வைச்ச ஆள் நீ ஒருத்தன்தான்.” தலையணையைச் சரிசெய்தான். “வேலி பதிவாத்தான் கிடக்கு. உயர்த்தவேணும்.” பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினான். “உன்ரை முழங்கால் எப்பிடி? பாரம் தாங்குமோ?” என்னுடைய முழங்காலும் அவ்வளவு நல்லதல்ல, அலுவலகக் கதிரையில் முப்பது வருடம் இருந்த முழங்கால், படியேறினால் நோகும் என்றேன். அவன் என் முழங்காலை ஒருமுறை பார்த்தான். ஆஸ்பத்திரிப் பாண் துண்டையும் பருப்புக் கறியையும் என்னிடம் தந்துவிட்டு, வசந்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை கமக்கார அமைப்பின் மண்டபத்துக்குப் போனோம். கேதீஸின் வலது கால் மட்டைக் கட்டோடு ஒரு பலகையில் நீட்டியபடி முன்னால் துருத்திக்கொண்டிருந்தது, பீரங்கி போல. அதற்கு வழிவிட்டு ஆட்கள் விலகினார்கள். ஆகவே எப்போதும் கடைசி வரிசையில் பிறருடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக முன்வரிசை கிடைத்தது. காலுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். “கனடாவிலையிருந்து மச்சான் வந்தவன்” என்று மட்டும் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தலைவர், செயலாளர், நீர்ப்பாசன அதிகாரி மேசையில் இருந்தார்கள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று அதிகாரி சொன்னார். மண்டபம் பெருமூச்சு விட்டது. மேல்வாய்க்கால்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பி, கதைத்து, இருந்தார்கள். ஒருவர் இருந்ததும் கேதீஸ் என் விலாவில் இடித்தான்.

“எழும்பு.”

எனக்கு இங்கே வயலே இல்லையே என்றேன் காதுக்குள்.

“எழும்பு எண்டுறன்.”

எழும்பினேன். செயலாளர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். “நீங்கள் ஆர்? உங்களுக்குக் காணி எங்கை?”

நான் வாயைத் திறப்பதற்குள் கேதீஸ் கதைத்தான். “அவர் கதைக்க வரேல்லை. நிக்க வந்தவர். கதைக்கிறது நான்.”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு இருக்கப் பார்த்தேன். கேதீஸின் கை என் சேர்ட்டைப் பிடித்திருந்தது. மேல்வாய்க்கால் கந்தசாமி அண்ணை, வெள்ளை வேட்டிக்காரர், கதைப்பதற்காக அரைவாசி எழும்பினார். செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார், பிறகு பலகையில் நீட்டிக் கிடந்த காலைப் பார்த்தார். பிறகு, “நிக்கிற ஆள் இன்னும் இருக்கேல்லை, கந்தசாமி அண்ணை. பொறுங்கோ” என்றார்.

கந்தசாமி அண்ணை இருந்தார். சிரிப்பு நின்றது. கேதீஸ் கதைக்கத் தொடங்கினான்.

நாலு வசனம் போனது. ஒருவரும் எழும்பவில்லை. அவன் அவசரப்படவில்லை. வாய்க்கால் கடைசியில் இருக்கும் எல்லாக் குடும்பங்களையும் பற்றிச் சொன்னான். நான் நின்றேன். எந்த இடத்தில் வாய்க்காலில் பற்றை மூடி, தண்ணீர் றோட்டுக்குப் பாய்கிறது என்று சொன்னான். நான் நின்றேன். என்னுடைய வலது முழங்கால் முதலில் நோகத் தொடங்கியது, பிறகு இடது அதோடு சேர்ந்துகொண்டது. கந்தசாமி அண்ணை கேதீஸின் பேச்சைக் கேட்கவில்லை. அவர் கண் வெட்டாமல் என்னுடைய முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள். நான் இருந்தால் கேதீஸின் கோடை முடிந்துவிடும். என் வாழ்க்கையில் என்னிடமிருந்து யாரும் இவ்வளவு குறைவாக எதிர்பார்த்ததில்லை, அதைச் செய்வதும் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. சொல்வதற்கு என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பற்றி வழக்கத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

“நெல்லுக்குத் தண்ணி கேக்கேல்லை” என்றான் கேதீஸ் கடைசியில், அதிகாரியைப் பார்த்து. “பயறு போடுறம். பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு பின்னேரம் வாய்க்காலைத் திறந்துவிட்டாக் காணும். பற்றையை நாங்களே வெட்டுறம். முடியாதெண்டால் முடியாதெண்டு சொல்லுங்கோ. ஆனா என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.”

அதிகாரி அவனுடைய முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தலைவரோடு குசுகுசுத்தார். கணக்குப் போட்டார். எல்லா ஏக்கருக்கும் இல்லை, ஆளுக்கு ஒரு ஏக்கர், பயறு மட்டும் என்றார். தலைவர் மண்டபத்தைப் பார்த்து ஆட்சேபனை இருக்கிறதா என்று கேட்டார். ஆட்சேபிக்க விரும்புகிறவர் எழும்பவேண்டும். நான் இன்னும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, செயலாளர் எழுதினார்.

எழுதி முடித்த பிறகுதான் கேதீஸ் என் சேர்ட்டை விட்டான். “சரி மச்சான், இனி இரு.”

இருந்தேன். கந்தசாமி அண்ணை எழும்பினார். ஆனால் என்ன கதைக்க இருந்தாரென்று அவருக்கே மறந்துவிட்டது போலிருந்தது. திரும்ப இருந்தார்.

வெளியே பூவரச மரத்தின் கீழ் எல்லோருக்கும் பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வசந்தி ஒரு மிடறு குடித்துவிட்டுத் தேத்தண்ணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அன்று யாரையும் குறை சொல்லும் நிலையில் இல்லை. நான் மரத்தடிக் கல்லில் இருந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேதீஸ் நாற்காலியின் சில்லைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான். மட்டை கட்டிய அவனுடைய கால் என் மடிக்கு நேரே நீட்டி நின்றது.

“நோகுதோ?” என்றான்.

நோகிறது என்றேன். நன்றாக நோகிறது.

“குடுத்து வைச்ச ஆள்” என்றான் கேதீஸ். என் கையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டான்.